காதலும் கப்பமும்: ராணிப்பேட்டை எழுப்பும் அறக்கேள்வி

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவற்றோடு தோல் தொழிலில் பேர்பெற்ற ராணிப்பேட்டை, பாலாற்றின் வடகரையில் ஆற்காட்டுக்கு எதிரே உள்ளது. செஞ்சி தேசிங்கு ராஜாவைப் போரில் வென்ற ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானே, தேசிங்கின் மனைவி நினைவாக இவ்வூரை அமைத்தார் என்பது வழிவழிச் செய்தி.

போரின் வேர் பணம். முகலாயருக்காகச் செஞ்சிக் கோட்டையை நிர்வகித்த புந்தேலா ராஜபுத்திரர் சொரூப் சிங் 1714இல் இறந்தார். அவர் மகன் தேஜ் சிங்கைத்தான் மக்கள் தேசிங்கு என்றனர். தந்தை வைத்த நிலுவைக் கப்பத்தை நவாப் கேட்டார், மகன் மறுத்தார். அதே ஆண்டு நடந்த போரில் அவர் மடிந்தார். இளம் மனைவி உடன்கட்டை ஏறினார்.

கதைப்பாடலும் கூத்தும் 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமும் இவ்வரலாற்றைக் காதலும் நட்பும் வீரமும் கலந்த கதையாக வளர்த்தன. கதைப்பாடலில் தேசிங்கின் இஸ்லாமிய நண்பன் தன் திருமணத்தையே விட்டுவிட்டுப் போருக்கு வந்து உயிர்விடுகிறான். போரை மதப்பகையாக்காமல் காப்பது இந்த நட்பு. ஆனால் கப்பக்கணக்கு பின்னுக்குப் போக, சாவு அன்பின் உச்சமாகிறது. அன்பினால் நேர்ந்தது என்பதற்காக ஒரு சாவு அறமாகிவிடுமா?

மரபு இதற்கு ஒரே விடை தரவில்லை. உடன்கட்டை ஏறித் தீப்பாய்தலை மிதாட்சரம் என்ற தரும நூல் உரை ஏற்றது. மனுநூலுக்கு உரை வகுத்த மேதாதிதி அதை அறமன்று என்றார். காதம்பரி என்ற வடமொழி நூலில் பாணபட்டர் அதை அறிவிலிகளின் வழி என்று பழித்தார். பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு, தடுத்த சான்றோரை மறுத்துத் தீப்புகுந்ததைப் புறநானூறு சொல்கிறது. அவர் முன் இருந்த மற்றொரு வழி கைம்மை நோன்பின் கொடுமை. அப்படிப்பட்ட இரண்டில் ஒன்றைத் தேர்ந்ததை முழு விருப்பம் எனக் கொள்வது கடினம். 1818இல் சீர்திருத்தவாதி ராம்மோகன் ராய், பெண்கள் சிதையோடு கட்டப்படுவதைச் சுட்டி, விருப்பம் என்ற வாதத்தையே மறுத்தார். வங்காளத்தில் 1829இலும் சென்னை மாகாணத்தில் 1830இலும் வழக்கம் தடைசெய்யப்பட்டது.

வென்றவர் காட்டும் மரியாதையும் இதே சோதனைக்கு உரியது. ராணியின் பெயரால் ஊர் எழுந்தது, கோட்டை திரும்பவில்லை. இரக்கம் உண்மையாக இருக்கலாம். அது பொறுப்பைத் தீர்க்காது. ஆகவே போர்க்காலக் காதல் கதைகளில் குறை, காதலைப் பாடுவதில் இல்லை. போருக்கான காரணத்தையும், இறந்தவர்க்கு வாழ வழி இருந்ததா என்பதையும் மறைக்கும்போதே அவை அறம் பிழைக்கின்றன.