குறைந்த பாலும் குறையாத பக்தியும்

1995-ஆம் ஆண்டு செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பொழுது புலரும் முன்னரே தெற்கு தில்லியின் கோயில் ஒன்றில் பக்தர் ஒருவர் விநாயகரின் துதிக்கையருகே கரண்டியில் பாலை நீட்டினார், பால் குறைந்தது. ‘பிள்ளையார் பால் குடிக்கிறார்’ என்ற செய்தி தொலைபேசி வழியே பரவியது. சில மணி நேரத்திற்குள் தலைநகரின் கோயில்களில் நீண்ட வரிசைகள் நின்றன. லண்டன் வரையிலும் மக்கள் பாலுடன் ஆலயங்களுக்கு விரைந்தனர்.

மத்திய அரசின் அறிவியல் துறையைச் சேர்ந்த அறிவியலாளர்கள் தில்லிக் கோயில் ஒன்றில் வண்ணம் கலந்த பாலை அளித்துப் பார்த்தனர். பரப்பு இழுவிசையால் பால் கரண்டியின் விளிம்பைக் கடந்து, விக்கிரகத்தின்மீது மெல்லிய படலமாக வழிந்தது. வெண்பாலாக இருந்தபோது கண்ணில் படாதது, நிறம் சேர்ந்ததும் புலப்பட்டது.

இந்நிகழ்ச்சியை நியாய சாஸ்திரத்தின் உரைகல்லில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். கௌதமர் அருளிய அந்த சாஸ்திரம் அனுமானத்தை ஐந்து உறுப்புகளாக அமைக்கிறது. அவற்றை மணிமேகலையின் 29-ஆம் காதையிலும் காணலாம். ‘மலையில் நெருப்பு உண்டு’ என்பது பக்கம். ‘புகை இருப்பதால்’ என்பது ஏது. ‘புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல’ என்பது திட்டாந்தம். ‘இம்மலையும் புகையுடையது’ என்பது உபநயம். ‘ஆகவே நெருப்பு உண்டு’ என்பது நிகமனம். ஏதுவுக்கும் முடிவுக்கும் இடையே பிரியாத தொடர்பு இருக்க வேண்டும். அதுவே வியாப்தி. அது இல்லையெனில் ஐந்து உறுப்புகளும் சரிந்துவிடும்.

‘விக்கிரகம் பால் அருந்துகிறது, கரண்டியில் பால் குறைவதால்’ என்பதை இனி ஆராயலாம். பால் குறையும் இடமெல்லாம் அருந்துதல் உண்டா? சாதாரணக் கல்லின் முனையில் நிறைந்த கரண்டியைச் சற்றே சாய்த்து வைத்தாலும் பால் குறையும். ‘திரி எண்ணெய் குடிக்கிறது’ என்பது பேச்சு வழக்கு. அதனால் திரிக்கு உயிருண்டு என்று எவரும் முடிவு செய்வதில்லை. முடிவு இல்லாத இடத்திலும் காணப்படும் இத்தகைய ஏதுவை நியாயம் ‘சவ்யபிசாரம்’ என்கிறது.

மறுபக்கத்தில் நின்றோர் சிலரும் தவறினர். ‘பால் குடிக்கவில்லை, ஆகவே இறைவன் இல்லை’ என்றனர். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் புகை இல்லை, நெருப்பு உண்டு. புகையின்மை நெருப்பின்மையைக் காட்டாது என்பது நியாய ஆசிரியர்கள் கற்பிக்கும் தொடக்கப் பாடம். அவசர நம்பிக்கையும் அவசர மறுப்பும் ஒரே குழியில் விழுந்தன.

ஆராய்வது அபசாரமா? காட்சிக்கு எதிரான விஷயத்தில் வேதவாக்கியமும் பிரமாணமாகாது என்று ஆதிசங்கரர் தமது கீதை பாஷ்யத்தில் வலியுறுத்துகிறார். புலன்களால் அறியத்தக்கதைப் புலன்களாலும் அனுமானத்தாலும் அறிய வேண்டும். அவற்றுக்கு எட்டாததை உணர்த்துவதே சுருதியின் பணி. இந்த எல்லையை உணர்ந்தவரின் சிரத்தை எந்தச் சோதனைக்கும் அஞ்சுவதில்லை.

நாள்தோறும் எண்ணற்ற இல்லங்களில் பால் நைவேத்தியம் செய்யப்படுகிறது. கிண்ணத்தில் ஒரு துளியும் குறைவதில்லை. அது பிரசாதமாக வீட்டுக் குழந்தையின் கைக்கு வருகிறது. இறைவன் ஏற்கவில்லை என்று எந்தத் தாயும் அதனால் வருந்துவதில்லை. அவள் பக்தி பாலின் அளவில் தொங்கவில்லை. கரண்டியை நம்பிய பக்தி கரண்டியோடு முடியும். அன்பை நம்பிய பக்திக்கு அந்த அச்சம் இல்லை. விவேகம் களைவது தவறான ஏதுவைத்தான். அதனை அஞ்சாமல் களைபவரே தம் சிரத்தையைக் காப்பவர்.