நோக்கம் தெரியாவிட்டாலும் தர்மம் தெரியும்



வாலாஜாபாத் பக்கம் தெற்கத்திப் பிள்ளைகள் பலர் அறை எடுத்துத் தங்கி, ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டில் கூடி, விளக்கேற்றி உகப்படிப்பு படிப்பது அவர்களில் சிலரின் வழக்கம். ஒரு நாள் படிப்பு முடிந்து திருநாமம் சாற்றும் நேரத்தில், குமரி மாவட்டத்துத் தம்பி ஒருவர் நெற்றியைக் காட்டாமல் ஒதுங்கி நின்றார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். எங்க ரூம்ல இருக்கிற ஒடிசா பையனுக்கு பிரஸ் மிஷின்ல ரெண்டு விரல் போயிட்டு. பத்தொம்பது வயசுதான். இதுக்கு என்ன அர்த்தம்? இந்தப் பிரபஞ்சம் 1380 கோடி வருசமா தானா ஓடுது, அதுக்கு ஒரு நோக்கமும் கிடையாதுன்னு கூட வேலை பாக்குறவன் சொல்லுதான். அப்படின்னா நல்லது எது, கெட்டது எது? எல்லாம் ஒண்ணுதானே?"

"எல்லாம் ஆண்டவன் கணக்கு தம்பி" என்றார் அங்கிருந்த ஒருவர். தம்பியின் முகம் இன்னும் வாடிப்போனது.

பணிவிடை செய்யும் பெரியவர் கேட்டார்: "நேத்து ஷிப்ட் முடிஞ்சு எங்க மக்கா போன?"

"ஆஸ்பத்திரிக்கு. அவனால பிசைஞ்சு திங்க முடியாதுல்லா, ஊட்டி விடணும்."

"உலகத்துக்கு நோக்கம் உண்டா இல்லையான்னு முடிவு பண்ணிட்டா போன?"

தம்பி பதில் சொல்லவில்லை.

அன்பர்களே, தம்பியின் கேள்வி தவறானதல்ல. நோக்கம் இருந்தால்தான் தர்மம் உண்டு என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பிரஸ் மிஷினைப் பாருங்கள். அதற்கு நோக்கம் உண்டு. ஒரு மணிக்கு இத்தனை அடி என்று கணக்கும் உண்டு. ஆனால் தகட்டுக்கும் விரலுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. நோக்கம் இருந்தும் அதனிடம் தர்மம் இல்லை.

நம் முன்னோர்களுக்கும் திருவிதாங்கூரில் நோக்கம் ஒன்றைச் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். தலைக்கு வரி கட்டவும், கூலியில்லாமல் ஊழியம் செய்யவும் பிறந்தவர்கள் நீங்கள் என்றார்கள். ஆண் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண் மார்பை மறைக்கக்கூடாது என்றார்கள். இதுவே தெய்வ நியதி என்றும் சொன்னார்கள். 1833இல் மாசி 20 அன்று திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்தருளிய அய்யா வைகுண்டர் அந்த நியதியை ஏற்றாரா? குனிந்த தலையில் தலைப்பாகை கட்டச் சொன்னார். முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒரே தண்ணீர் எடுக்க வைத்தார். துவையல் தவசில் 700 குடும்பங்கள் ஒன்றாகத் துவைத்து, ஒன்றாக உண்டன. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அவர் சிங்காரத்தோப்பில் சிறையும் இருந்தார். மனிதனைத் தாழ்த்துவதற்கு எந்த நோக்கத்தைக் காட்டினாலும் அது கலியின் வேலை. விழுந்தவனைத் தூக்குவதே தர்மம். இதுவே அய்யா காட்டிய அளவுகோல்.

அதே திருவிதாங்கூரில் 1924இல் வைக்கம் கோவிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்க உரிமை கேட்டுப் போராட்டம் நடந்தது. அங்கே போய் இரண்டு முறை சிறை சென்றவர் பெரியார். பிற்காலத்தில் கடவுளே இல்லை என்று வாழ்நாள் முழுதும் சொன்னவர் அவர். 1925இல் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. அதில் முதல்முறை நடந்தவனின் நெஞ்சு நிமிர்ந்தது பொய்யா? கடவுளை ஏற்காதவர் செய்த நன்மையை நன்மை இல்லை என்று அன்புக்கொடி மக்கள் சொல்லக்கூடாது. தர்மம் யாருடைய தனிச்சொத்தும் அல்ல.

அப்படியானால் நம்பிக்கை எதற்கு? நம் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் பள்ளியறைக்குள் சிலை இல்லை. இரண்டு விளக்குகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி. உலகத்தின் அர்த்தம் என்ன என்று கேட்டுப் போகிறவன் அங்கே தன் முகத்தைத்தான் காண்கிறான். தன்னுள் இருக்கும் ஈசன் பக்கத்தில் நிற்பவனுள்ளும் இருக்கிறார் என்று அறிகிறான். அந்த ஒடிசாப் பிள்ளையின் மதிப்பு கம்பெனி கொடுத்த அடையாள அட்டையில் இல்லை. விரல் போனதால் அது குறைவதும் இல்லை. ஊட்டுகிற கையும் ஒரு நாள் சலிக்கும். பலன் கண்ணுக்குத் தெரியாத அந்த நாளில், தர்மயுகம் வரும் என்ற நம்பிக்கைதான் கையைத் தாங்கும்.

ஆகவே அடிபட்டவனிடம் போய், "எல்லாம் ஆண்டவன் கணக்கு" என்று சொல்லாதீர்கள். அவன் பக்கத்தில் உட்காருங்கள். மிஷினுக்குத் தடுப்பு ஏன் இல்லை என்று கேளுங்கள். விபத்து அறிக்கை இ.எஸ்.ஐ.க்குப் போனதா என்று பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி வேலையில் அடிபட்டு ஓய்வில் இருந்தால், அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் பெறலாம். நிரந்தர ஊனத்துக்குத் தனி உதவித்தொகையும் உண்டு. தமிழ் தெரியாத பிள்ளைக்கு அதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதும் பணிவிடையே.

மறுநாள் அந்த வீட்டிலிருந்து நாலு பேர் தம்பியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடுத்த ஞாயிறு தம்பி திருநாமத்துக்கு நெற்றியைக் காட்டினார். கேள்வி தீர்ந்ததா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேள்வி இருக்கட்டும் அன்பர்களே. அது தீரும்வரை தர்மத்தைத் தள்ளிவைக்க வேண்டாம்.

அய்யா உண்டு.