வலிக்காது என்னும் சொல்

குழந்தைகள் பிரிவில் ஒரு நாளில் எத்தனை முறை 'வலிக்காது' என்னும் சொல் ஒலிக்கிறது! ஊசியை ஏந்திய செவிலியர் சொல்கிறார். மடியில் இறுக்கிப் பிடித்திருக்கும் தாய் சொல்கிறார். 'எறும்பு கடித்தாற்போல்தான்' என்று பாட்டியும் சேர்ந்துகொள்கிறார். மறுகணமே அது பொய்யென்று குழந்தை அறிந்துகொள்கிறது. 'அழுதால் ஊசி போடச் சொல்வேன்' என்று வீட்டில் மிரட்டப்பட்டு வளர்ந்த பிள்ளைக்கு மருத்துவமனை தண்டனைக்கூடமாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

அன்பினால் சொல்லும் இச்சிறு பொய் குற்றமாகுமா என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆனால் நெடுநாள் நோயுற்ற குழந்தைக்கு ஊசி ஒன்றோடு முடிவதில்லை. நாளையும் அதே செவிலியர் அதே தட்டுடன் வருவார். அவர் சொல்லை அப்போது எதைக்கொண்டு நம்புவது? 'கொஞ்சம் வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும், அழவேண்டுமானால் அழு, கையை மட்டும் அசைக்காதே' என்று சொல்ல அரை நிமிடம் போதும். (பத்து என்று சொல்லிவிட்டு இருபது வரை இழுத்தால் அதுவும் பொய்தான், பிள்ளைகள் கணக்கில் கறாரானவர்கள்.)

இதைவிடக் கடினமான இடம் ஒன்று உண்டு. இரத்தப் புற்றுநோயுற்ற பிள்ளையின் பெற்றோர் செவிலியரைத் தனியே அழைத்து, 'எங்கள் பிள்ளைக்கு ஒன்றும் தெரியக்கூடாது, சிஸ்டர்' என்று கைகூப்பும்போது என்ன செய்வது? அந்த வேண்டுகோளை எளிதாகக் குறைகூற நமக்கு மனம் வருவதில்லை. ஆயினும், தெரியாமல் இருக்கிறதா என்பதன்றோ முதற்கேள்வி? இதே நோயுற்ற 3 முதல் 9 வயது வரையிலான சிறார்களோடு பழகி, அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1978இல் ஒரு நூலை வெளியிட்டார். யாரும் சொல்லாமலே அச்சிறார்கள் தம் நோயையும் அதன் முடிவையும் அறிந்திருந்தனர். பக்கத்துக் கட்டில் காலியானதையும், பெரியவர்களின் சிவந்த கண்களையும், பேச்சு சட்டென்று நின்றுபோவதையும் கண்டு அறியாத பிள்ளை எது? அறிந்தும், பெற்றோர் தம்மைவிட்டு விலகாதிருக்க அறியாததுபோல் நடித்தனர் என்பதே அந்நூலில் நம்மைச் சுடும் செய்தி. பிள்ளையைக் காக்கவென்று எழுப்பிய பொய்யைப் பிள்ளையே தோளில் சுமக்கிறது.

புனித அகுஸ்தினார், பொய்க்கு எதிராக எழுதிய நூலில், ஏறக்குறைய 420ஆம் ஆண்டில், இதன் மறுபக்கத்தை எடுத்துக்கொள்கிறார். கடும் நோயில் கிடக்கும் தந்தைக்கு மகன் இறந்தது தெரியாது, 'அவன் உயிரோடிருக்கிறானா?' என்று கேட்கிறார். உண்மை அவரையும் கொன்றுவிடலாம். இந்நிலை தம்மை உலுக்குவதை மறைக்காமலே, அகுஸ்தினார் பொய்க்கு இசைவு தர மறுக்கிறார். அவ்வளவு கண்டிப்பு நமக்குத் தாங்குமா என்பது வேறு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவது உண்மையாகிவிடாது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். பிள்ளை கேட்ட அளவுக்கு, அதன் மொழியில் விடை சொல்வதும் உண்மையே.

பிள்ளையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஸ்வீடன் நாட்டுப் பெற்றோரிடையே நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. பிள்ளையோடு மரணத்தைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவரும் அதற்காக வருந்தவில்லை. பேசாதிருந்த 258 பேரில் 69 பேர் வருந்தினர். பேசாதோரில் பெரும்பாலோர் வருந்தவில்லை என்பதையும் காணவேண்டும். ஆகவே எவரையும் கட்டாயப்படுத்த இவ்வெண்கள் கருவியாகா.

செவிலியரின் பணி பெற்றோரை மீறுவதன்று. 'உங்கள் பிள்ளை தனக்கு என்ன நேர்ந்திருப்பதாக நினைக்கிறான், அம்மா?' என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை அருகில் அமர்ந்திருக்க அவரால் இயலும். பல தாய்மாருக்கு அக்கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பிள்ளைகளோ தம் கேள்விக்குப் பெரும்பாலும் இரவையே தெரிந்துகொள்கின்றனர். தாய் கட்டிலுக்குக் கீழே பாயில் அயர்ந்திருக்க, சொட்டுநீர்க் குழாயைப் பார்க்க வந்த சிஸ்டரிடம் மெல்லக் கேட்கும்: 'நான் செத்துப்போவேனா?' 'சேச்சே, அப்படியெல்லாம் பேசக்கூடாது' என்றால் அப்பேச்சு அன்றோடு முடிந்துபோகும். 'ஏன் கண்ணு அப்படித் தோன்றுகிறது?' என்று கட்டிலோரம் அமர்ந்தால், பிள்ளை மேலே பேசும். விடிந்ததும் அதைத் தாயிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் இருப்பார்.