ஒரு சாக்கு அளவு வீடு

சிப்பிப்பாறை முயலை விரட்டிப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்ட நாய். ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், தொலைவில் ஒரு புல் அசைந்தாலும் நிமிரும் தலை. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் காடுகள்தான் அந்த உடம்பைச் செதுக்கின. அங்கே குட்டிக்கு யாரும் ஒன்றுக்குப் போகும் இடத்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை. கதவு திறந்து கிடக்கும். குட்டி எழுந்து, சோம்பல் முறித்து, தொழுவத்தைத் தாண்டிப் போய்விட்டு வரும். பெரியவர்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். இந்தப் பெயர்களை அதுவரை கேள்விப்படாத நகரத்து வீடுகளிலும் அவற்றைப் பற்றிய பேச்சு வந்தது. எங்கள் வீட்டிலும் வந்தது. இன்று சென்னையில் மூன்றாவது மாடியில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி எங்களோடு இருக்கிறது. அதற்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு கதவும் ஒரு லிஃப்டும் இருக்கின்றன.

குட்டியைக் கொடுத்த கோவில்பட்டிப் பக்கத்துப் பெரியவர் நாங்கள் வண்டி ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: “படுக்கிற எடத்த எந்த நாயும் அசிங்கம் பண்ணாது தம்பி. எதுவரைக்கும் அது எடம்னு நீங்கதான் காட்டணும்.” அதற்குப் பிறகு நாய் பழக்குவதைப் பற்றி எவ்வளவோ படித்தேன், கேட்டேன். அந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் எதுவும் போகவில்லை.

பிறந்த குட்டியால் தானாக மூத்திரம் போக முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். தாயே அதைச் சுத்தமும் செய்துவிடும். மூன்று வாரம் ஆகிக் கால் ஊன்றியதும், தள்ளாடித் தள்ளாடி, படுக்கையை விட்டு இரண்டடி விலகிப் போகத் தொடங்கும். யாரும் கற்பிக்காத சுத்தம் அது. எட்டு ஒன்பது வாரத்துக்குள் எந்தத் தரையில் போய்ப் பழகியதோ அந்தத் தரையையே பிறகு பாதம் தேடும். மண்ணில் பழகியது மண்ணைத் தேடும்.

இந்தச் சுத்தத்தை மனிதர்களால் கெடுத்துவிடவும் முடியும். விற்பனைக்காகக் கூண்டிலேயே போட்டு வளர்த்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். விலகிப் போக இரண்டடிகூட இல்லாமல், தன் கழிவின் மேலேயே படுத்துப் படுத்து, கடைசியில் அவற்றுக்கு அருவருப்பே மரத்துப்போகிறது. அப்படி வந்த குட்டியைப் பழக்குவதுதான் மிகவும் கடினம். விலகிப் போகும் உரிமையைப் பறித்தவர்கள் அதைவிடப் பெரிய ஒன்றையும் சேர்த்துப் பறித்துவிட்டார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் குட்டிக்கு அந்தக் கதி நேரவில்லை. வந்த முதல் வாரம், ஹாலில் சோபாவுக்குப் பின்னால், அது படுக்கும் சாக்கிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் இருந்தது. வீட்டில் எல்லோரும் அதைத் தப்பு என்றார்கள். குட்டியின் பக்கம் நின்று பாருங்கள். நாம் இரண்டு படுக்கையறை, ஹால், சமையலறை எல்லாவற்றையும் சேர்த்து வீடு என்கிறோம். அதற்கு அந்தச் சாக்கு மட்டும்தான் வீடு. சோபாவின் பின்புறம் ஊருக்கு வெளியே இருக்கும் பொட்டல். அது ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது.

ஆகவே அதன் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குவதுதான் வேலை. முதலில் சமையலறையை ஒட்டிய சின்ன இடம் மட்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே. இரண்டு மாதக் குட்டியால் பகலில் மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரம் அடக்க முடியும். ஓட்டத்துக்கென்றே பிறந்த இனம் என்பதால் இன்னொன்றும் உண்டு: விளையாட்டு சூடேறினால் அத்தனையையும் மறந்துவிடும். திடீரென்று பந்தை விட்டுவிட்டு, மூக்கைத் தரையில் வைத்து, அரைவட்டம் சுற்றும். அந்த அரைவட்டம் முடிவதற்குள் தூக்கிவிட வேண்டும். லிஃப்டிலும் கையில்தான், தரையில் விட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடும். பதினாறு வாரம்வரை தவணை தவணையாகப் போடும் தடுப்பூசிகள் முடியும் முன், மற்ற நாய்கள் போகும் மண்ணில் விடக்கூடாது. பார்வோ என்ற நோய்க்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் பால்கனியில் அகலமான தட்டில் சுத்தமான மண்ணைக் கொட்டி வைத்தோம். முதல் நாளே அதன் பாதம் அதைக் கண்டுகொண்டது.

தவறிப் போன இடத்தில் பினாயில் ஊற்றுவது நம் மூக்கின் திருப்திக்கு மட்டும்தான். அடியில் கிடக்கும் மூத்திர வாடை நாய்க்கு அப்படியே தெரியும். நொதி கலந்த திரவம்தான் அதை உடைக்கும்.

அடிப்பது, மூத்திரத்தில் மூக்கைத் தேய்ப்பது இரண்டும் இன்னும் பல வீடுகளில் நடக்கின்றன. “பாருங்க, தப்பு பண்ணினது முழிக்கிற முழியிலேயே தெரியுது” என்பார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாயும், எஜமான் திட்டினால் அதே முழி முழித்தது. அந்த முகத்தில் இருப்பது பயம். அடி வாங்கிய குட்டி மறைவாகப் போகக் கற்றுக்கொள்ளும். அதைவிட மோசமாக, அடித்தவர் நிற்கும் அறை அதன் இடம் இல்லை என்று ஆகிவிடும். நான்கு அறை வரை விரிந்திருந்த வீடு மறுபடி சாக்கு அளவுக்குச் சுருங்கும்.

புது அறை ஒன்றை எப்படிக் கொடுப்பது? அங்கே சோறு வைக்க வேண்டும். அங்கே அதோடு தரையில் உட்கார வேண்டும். நம் கால்மாட்டில் அது ஒரு தூக்கம் போட வேண்டும். உண்டு உறங்கிய இடம் அதன் இடமாகிவிடுகிறது. பிறகு அங்கே காவல் தேவையில்லை.

இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எங்கள் மாடிப்படி கண்ணில் பட்டது. ஒவ்வொரு வீட்டின் உள்ளும் தரை பளிச்சென்று இருக்கிறது. கதவுக்கு வெளியே குப்பைப் பை. படித் திருப்பத்தில் வெற்றிலைக் கறை. என் பாட்டி வாசல் தெளிக்கும்போது பாதித் தெருவைச் சேர்த்துத்தான் பெருக்குவாள். கோலமும் தெருவில்தான் விழும். அவளுடைய வீடு அதுவரை நீண்டிருந்தது. நம்முடையது நிலைப்படியோடு நின்றுவிட்டது, கோலமும் கதவடியில் ஒட்டும் தாளாகிவிட்டது. ‘குப்பை போடாதீர்’ பலகைகளும் அபராதமும் ஏன் தோற்கின்றன என்று அப்போது புரிந்தது. தன் இடம் என்று மனதில் பட்டதை எந்த உயிரும் விரும்பி அசிங்கப்படுத்துவதில்லை. அசிங்கம் கிடக்கும் இடத்திலெல்லாம், இது உன்னுடையது என்று யாருக்கும் காட்டப்படாத ஓர் இடம் இருக்கிறது.

விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி குடியிருப்புச் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது. லிஃப்டையும் மறுக்க முடியாது. அந்த உரிமையை அண்டை வீட்டாரிடம் நீட்டிப் பேச எனக்கு மனமில்லை. மாலையில் குட்டியோடு படித் திருப்பத்தில் போய் உட்காருகிறேன். எதிர்வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள். அதன் கிண்ணத்தை அங்கேயே வைக்கிறோம். தின்றுவிட்டு அங்கேயே தூங்குகிறது. எதிர்வீட்டு அம்மா போன வாரத்திலிருந்து குப்பைப் பையை உள்ளேயே வைத்துக்கொள்கிறார். நான் எதுவும் கேட்கவில்லை. படிகளில் குட்டி இப்போது தானே நடந்து இறங்குகிறது. லிஃப்ட்தான் பாக்கி. அதில் உட்கார்ந்து சோறு போட வழியில்லாததால், இப்போதைக்குத் தூக்கிக்கொண்டுதான் போகிறோம்.