பந்தும் குவளையும்

ஒருவரது ஏற்றம் எது, வீழ்ச்சி எது? பல்வங்கர் பாலு புனேயில் வெள்ளையரின் ஆட்டக்களத்தில் கூலிப்பணி செய்தவர். தீண்டத்தகாதாரென ஒதுக்கப்பட்ட குலத்தினர். பந்துவீச்சின் திறங்கண்டு இந்துக்கள் தம் அணியிற் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ அவருக்கு மட்டும் வெளியில் மண்குவளை! பந்தில் ஒட்டாத தீட்டு குவளையில் எவ்வாறு ஒட்டிற்று?

1911-இல் இங்கிலாந்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதன் பின்னும் அணித்தலைமை அவருக்குக் கிட்டவில்லை. 1923-இல் தம்பி விட்டலுக்கே கிட்டிற்று. 1932-இல் நம் விஷ்ராந்த்வாடியை அடுத்த எரவாடாவில் உருவான ஒப்பந்தத்தில் பாபாசாகேபுடன் பாலுவும் கையொப்பமிட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராய் அதே பாபாசாகேபை எதிர்த்துத் தோற்றார்.

இதனையா அவர் வீழ்ச்சி என்பது? நாம் அவ்வாறு கொள்ளோம். வாக்குப்பெட்டியின் முன் இருவரும் சமமாய் நின்றனர், அத்தோல்வியில் இழிவில்லை. கைதட்டலுக்கிடையே மண்குவளை ஏந்தி வெளியில் நின்றாரே, அந்நாளை ஏற்றமென்று எழுதுவோரோடுதான் நமக்கு வழக்கு.