அகச்சிவப்பைக் கண்டவர் யார்?

புடவை அசல் பட்டுதானா என்று சந்தேகம் வந்தால், ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பார்ப்பது காஞ்சிபுரத்தில் பழக்கம். முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் பட்டு என்பார்கள். கம்பளி நூலைக் கொளுத்தினாலும் அதே நாற்றம்தான் வரும், இரண்டும் புரதம்.

பட்டிலும் பட்டல்லாததிலும் காணப்படும் ஒன்றை ஏதுவாக, அதாவது சான்றாகக் கொள்ளும் இந்தப் பிழைக்குத் தர்க்கத்தில் பெயர் அநைகாந்திகம். மணிமேகலையின் 29ஆம் காதையில், இதே காஞ்சி மாநகரில், பௌத்தத் துறவி அறவண அடிகள் அதைப் பாடமாகச் சொல்கிறார். பௌத்தர் ஏற்கும் அளவைகள், அதாவது அறியும் வழிகள், இரண்டே: காட்சி, கருதல் (அனுமானம்). பெயர், இனம், குணம், செயல் எதுவும் ஒட்டாத வெறும் உணர்வு காட்சி, மற்றவை கருதலின்பாற்படும். இது பௌத்த அறிஞர் திக்நாகரின் தர்க்க மரபு. அவரும் காஞ்சிப் பக்கத்தவர் என்கிறது திபெத்திய மரபு.

அப்படியானால், கண்ணுக்கு எட்டாத ஒளியை ஒரு படிகம் 'உணர்வது' காட்சியா, கருதலா?

மனிதக் கண் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையே காணும். டிவி ரிமோட் உமிழும் அகச்சிவப்பு பெரும்பாலும் 940. யூரல் மலையில் 1839இல் கிடைத்த கனிமத்தின் பெயரைத் தாங்கிய பெரோவ்ஸ்கைட் படிகங்களில், பெயர்பெற்ற ஈய அயோடைடு வகை 800 அளவில் நின்றுவிடுகிறது. ஈயத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாக வெள்ளீயத்தைச் சேர்த்தால் எல்லை 1000 வரை நீளும். ஒளி பட்டதும் எலக்ட்ரான் விடுபடும், மின்னோட்டம் ஓடும். அங்கே நடப்பது அவ்வளவுதான். படிகத்துக்குப் பெயரும் தெரியாது, இனமும் தெரியாது. அந்த மட்டில் அது அடிகள் சொன்ன காட்சியை நெருங்குகிறது. ஆனால் உணர்பவர் இல்லாமல் உணர்வு ஏது? மீட்டரைப் பார்த்து "இங்கே அகச்சிவப்பு இருக்கிறது" என்று சொல்பவர் கருதுகிறார், காணவில்லை.

கருதல் என்றால் ஏது பழுதற்றதாக இருக்க வேண்டும். காற்றுப் பட்டால் வெள்ளீயம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. உடனே இருட்டிலும் மின்னோட்டம் கசிகிறது. ஒளி உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் காணப்படும் ஏது அநைகாந்திகம், கம்பளி நாற்றத்தைப் போலவே. அதனால்தான் ஆய்வகங்கள் இந்த உணரிகளை இருட்டிலும் அளந்து பார்க்கின்றன. விபக்கத்தில், அதாவது நிறுவ வேண்டியது இல்லாத இடத்தில், ஏது இருக்கக் கூடாது என்று அடிகள் விதித்ததும் இதற்காகவே.

அகச்சிவப்பு கண்டறியப்பட்டதே கருதலால்தான். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளிப்பட்டையில் சிவப்புக்கு அப்பால் ஒரு வெப்பமானியை வைத்தார்; அது ஏறியது. ஒப்பிட்டுப் பார்க்க, ஒளிப்பட்டை விழாத இடத்தில் வேறு வெப்பமானிகளையும் வைத்திருந்தார்.