வராதவரின் ஆண்டு

2001 ஜூலைக் கடைசியில் மியூனிக் ஒலிம்பிக் உள்ளரங்கில் உலக ஜூடோ சாம்பியன்ஷிப் நடந்தது. பெண்கள் 48 கிலோவில் ஜப்பானின் ரியோகோ தமுரா தொடர்ந்து ஐந்தாவது முறையாக உலகப் பட்டம் வென்றார். ஆண்கள் 100 கிலோவில் கோசெய் இனோவே வென்றார். இரண்டுமே ஊர் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது 60 கிலோவில் நடந்தது. தங்கம் துனீசியாவின் அனிஸ் லூனிஃபிக்குப் போனது. அந்த எடையில் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்த தாதாஹிரோ நொமுரா அரங்கத்திலேயே இல்லை. ஜூடோவை விட்டு விலகியிருந்தார். திரும்பி வருவார் என்று அடித்துச் சொல்ல ஆளில்லை.

விளையாட்டு வீரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வென்ற ஆண்டுகளை வரிசையாக அடுக்குவார்கள். என் கண் போவது இந்த வராத ஆண்டின் மேல்.

*

நாங்கள் இருக்கிற, மியூனிக்கை ஒட்டிய கார்ஹிங்கிலிருந்து அந்த அரங்கத்துக்குப் போவது சுலபம். யூ6 ரயிலில் ஏறி, மியூன்ஷ்னர் ஃப்ரைஹைட்டில் யூ3க்கு மாறி, ஒலிம்பிக் நிலையத்தில் இறங்கினால், மரங்களுக்கு மேலே கண்ணாடி மாதிரியான அந்தக் கூரை தெரியும். எஃகு வடங்களில் இழுத்துக் கட்டிய அக்ரிலிக் தகடுகள். 2001-ல் இந்த ரயில் எங்கள் ஆராய்ச்சி வளாகம் வரை வரவில்லை, ஹோஹ்ப்ரூக் நிலையத்தோடு திரும்பிவிடும். மீதித் தண்டவாளம் 2006-ல்தான் வந்தது.

எங்கள் ஊர்ச் சின்னத்தில் ஒரு முட்டை இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வருகிற நம்மவர்கள் கோழிப்பண்ணைக்குப் பேர்போன ஊர் போல என்று நினைத்துக்கொள்வார்கள். அது 1957-ல் ஓடத் தொடங்கிய ஆராய்ச்சி அணு உலையின் குவிமாடம். 2000-ல் அதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே புது உலை கட்டியாகிவிட்டது. பழைய முட்டைக்கு வேலை இல்லை, ஆனால் ஊர்ச் சின்னத்திலிருந்து யாரும் அதை எடுக்கவில்லை.

இங்கே இருக்கிற தமிழர்களில் பாதிப்பேர் ஒப்பந்தத்தில் வேலை செய்கிற ஆராய்ச்சியாளர்கள். இரண்டு வருடம், மூன்று வருடம், அப்புறம் நீட்டிப்பார்களா இல்லையா என்கிற மாதங்கள். அந்த மாதங்களில் ஊரிலிருந்து போன் வந்தால் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள எல்லோரும் பழகியிருக்கிறோம். "இப்ப என்ன பண்றே?" என்று பெரியப்பா கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். அந்தக் கேள்விக்கு "ஒண்ணும் பண்ணல" என்ற பதில் நம் வழக்கத்தில் கிடையாது.

*

நொமுராவின் வீடு ஜூடோ வீடு. நாராவில் தாத்தா ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். அப்பா தென்ரி உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளர், 1984 லாஸ் ஏஞ்சலிஸில் 60 கிலோ தங்கம் வென்ற ஷின்ஜி ஹொசொகாவா அவருடைய மாணவர். சித்தப்பா தொயொகாசு நொமுரா 1972-ல் 70 கிலோவில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். வென்றது இதே மியூனிக்கில்.

1972-ன் ஜூடோ, கூரைக்குப் பேர்போன பூங்காவில் நடக்கவில்லை. நகரத்துக்குள்ளே தெரேசியன்ஹோஹெ மேட்டில் இருந்த பொருட்காட்சி வளாகத்தில் நடந்தது. பொருட்காட்சி 1998-ல் ரீமுக்கு, பழைய விமான நிலையம் இருந்த இடத்துக்குப் போய்விட்டது. மேட்டில் மிஞ்சிய சில கூடங்களில் இன்று பழைய ரயில் எஞ்சின்களையும் கார்களையும் வைத்திருக்கிறார்கள், போக்குவரத்து அருங்காட்சியகம். நொமுரா என்ற பெயருக்கு அங்கே எந்தத் தடயமும் இல்லை. இருக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒலிம்பிக்கிலிருந்து இந்த நகரம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது வேறு. செப்டம்பர் 5 விடிகாலையில் வீரர்கள் குடியிருப்பில் தொடங்கிய பயங்கரவாதத் தாக்குதல், பதினொரு இஸ்ரேலியர்களின் சாவில் முடிந்தது. சித்தப்பா தங்கம் வென்றது அதற்குச் சில நாள் முன்புதான். அந்தப் பதக்கம் பேசப்படாமல் போனதில் வியப்பில்லை.

ஜப்பான் அந்த முறை ஆறு பிரிவுகளில் மூன்றைத்தான் வென்றது. எடை கூடிய இடங்களெல்லாம் கைவிட்டுப் போயின. நெதர்லாந்தின் விம் ரூஸ்கா கனரகப் பிரிவையும் எடை வரம்பில்லாத பிரிவையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். சின்ன உடம்புக்காரர்கள்தான் மானத்தைக் காப்பாற்றினார்கள். தாதாஹிரோ பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1974 டிசம்பரில்.

இப்படி ஒரு வீட்டில் பிறந்த பையனுக்கு வழி முன்பே போட்டுவைத்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தபோது எடை முப்பது கிலோ சொச்சம். அங்கே ஆடிய முதல் போட்டியில் ஒரு பெண்பிள்ளையிடம் தோற்றார். இதை அவரே பிற்பாடு மேடைகளில் சொல்லியிருக்கிறார். வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று அப்பா சொன்னாராம். பயிற்சியாளர் அப்பாக்கள் அப்படிச் சொல்வது அபூர்வம். பையனைச் சித்தப்பாவின் பதக்கத்தைக் காட்டி விரட்டாத அந்த வீட்டை நான் கொஞ்சம் பொறாமையோடு நினைத்துக்கொள்கிறேன்.

*

நான் ஜூடோ ஆடுகிறவன் இல்லை. நண்பரின் மகளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போய்ச் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். அவளுக்குப் பத்து வயது. ஜெர்மனியில் குழந்தைகளுக்கு வெள்ளைக்கு அடுத்த பட்டை வெள்ளையும் மஞ்சளும் கலந்தது. அதைக் கட்டி முடிச்சுப் போட அவளுக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

பாயில் அவர்கள் அதிக நேரம் செய்வது உச்சிகோமி. இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் நுழைவார், இன்னொருவர் நின்றுகொடுப்பார். நொமுரா குடும்பத்தின் சொத்தான செயோய் நாகேயை, தோள்மேல் வாங்கி வீசுகிற பிடியை, பெஞ்சிலிருந்தே துண்டு துண்டாகப் பார்க்கலாம். இடது கை எதிராளியின் சட்டைக்கையைப் பிடித்து, கைக்கடிகாரத்தில் மணி பார்க்கிற மாதிரி மேலே இழுக்கும். எதிராளி கால்விரல் நுனியில் நிற்கிற அளவுக்குச் சாய்வார். வலது கை காலர் மடிப்பை விடாமலே முழங்கையை மடக்கி அவர் அக்குளுக்குக் கீழே புகும். இதற்குள் இரண்டு பாதங்களும் சுழன்று எதிராளியின் பாதங்களுக்கு நடுவே வந்திருக்க வேண்டும். முதுகு அவர் நெஞ்சில் ஒட்ட வேண்டும். முழங்கால் மடிந்து, நம் இடுப்புப் பட்டை அவர் பட்டைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இனி காலை நிமிர்த்தினால் போதும், ஆள் தோளுக்கு மேலே வந்து முதுகில் விழுவார்.

அங்கேதான் நிறுத்துகிறார்கள். நிமிர்வதில்லை. திரும்பி வந்து, பழைய இடத்தில் நின்று, மறுபடி நுழைகிறார்கள். வெறுங்கால் பாயில் தேய்கிற சத்தம் மட்டும் கேட்கும். சின்னப் பிள்ளைகளிடம் அவசரம் தெரியும்: பாதம் சுழல்வதற்கு முன்பே முதுகு சாய்ந்துவிடும், முழங்கால் மடங்காமல் இடுப்பு மட்டும் வளையும். பயிற்சியாளர் வந்து ஒன்றும் சொல்லாமல் அவள் குதிகாலைத் தன் கால்விரலால் தொட்டு நகர்த்திவிட்டுப் போவார்.

"மாமா, இன்னிக்கி ஒரு தடவைகூடத் தூக்கிப் போட விடல" என்று வரும் வழியில் அவள் புலம்புவாள். எதிரே நின்றுகொடுத்த பிள்ளைக்கும் அன்று விழ வாய்க்கவில்லை என்பது அவள் கணக்கில் வராது.

*

1996 அட்லாண்டா. ஜூடோவின் கடைசி நாளில் ஆண்கள் 60 கிலோவும் பெண்கள் 48 கிலோவும் சேர்ந்து வந்தன. நொமுராவுக்கு 21 வயது, தென்ரி பல்கலைக்கழக மாணவர். ஒரு சுற்றில் ரஷ்யாவின் நிக்கோலாய் ஒஜெகினிடம் புள்ளியில் பின்தங்கி, கடைசி நொடிகளில் மீண்டு வந்து வென்றார். இறுதியில் இத்தாலியின் ஜிரோலாமோ ஜொவினாட்சோவை வென்று தங்கம்.

அன்று ஜப்பான் பேசியது அதை அல்ல. 146 செண்டிமீட்டர் உயரம், ஒரு காமிக்ஸ் கதாநாயகியின் பெயரைச் செல்லப் பெயராகச் சுமந்தவர், 84 போட்டிகளாகத் தோல்வியையே பார்க்காதவர் ரியோகோ தமுரா. இறுதிப் போட்டியில் வடகொரியாவின் பதினாறு வயதுப் பெண் கே சுன்-ஹுயியிடம் அவர் தோற்றார். நாடே அவருடைய வெள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தங்கத்தோடு நின்றவர் யார் என்று பிறகுதான் விசாரித்தார்கள்.

2000 சிட்னியிலும் இரண்டு பிரிவும் ஒரே நாள். இந்த முறை இருவருக்கும் தங்கம். தென்கொரியாவின் ஜங் பு-கியங்கோடு நொமுராவின் இறுதிப் போட்டி 14 நொடி. நான்கு வருட உழைப்பு முடிய எடுத்துக்கொண்ட நேரம், பார்வையாளர் ஒருவர் இருக்கையைச் சரிசெய்து உட்காருகிற நேரம். ஆனால் ஜப்பானின் கண்ணில் அன்றும் தமுராதான். இரண்டு வெள்ளிக்குப் பிறகு வந்த தங்கம் அல்லவா. இந்த நிழலைப் பற்றி நொமுரா பேட்டிகளில் சிரித்துக்கொண்டே பேசுவார். அந்தச் சிரிப்பை நான் முழுசாக நம்புவதில்லை. அவர் விலகிப் போனதில் இந்த நிழலுக்கும் பங்கு இருக்கலாம் என்பது என் ஊகம், அவ்வளவுதான்.

*

சிட்னிக்குப் பிறகு அவர் செய்தது எளிய காரியம். நிறுத்தினார். திருமணம் செய்துகொண்டார். அமெரிக்காவுக்குப் போய் ஆங்கிலம் படித்தார். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற 26 வயதுக்காரர், வகுப்பில் வினைச்சொல் தவறாகச் சொல்லித் திருத்தம் வாங்கிக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு ஏனோ மனசு லேசாகிறது.

இதைப் "புத்துணர்ச்சி எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் திரும்பினார்" என்று எழுதிவிட ஆசை வரும். அப்படி நடக்கவில்லை. திரும்பி வந்தபோது உடம்பு பழைய உடம்பாக இல்லை. இளையவர்களிடம் தோற்றார். 2003-ல் சொந்த நாட்டில், ஒசாகாவில் நடந்த உலகப் போட்டியில் கிடைத்தது வெண்கலம். ஓய்வெடுத்ததற்கு ஓய்வு கூலி கொடுக்கவில்லை. 2004 ஏதென்ஸில் ஜார்ஜியாவின் நெஸ்டர் கெர்கியானியை வென்று மூன்றாவது தங்கம் வாங்கினார் என்பது உண்மை. ஆனால் அது விலகியிருந்ததன் பலனா, விலகியும் கெடாமல் இருந்த ஒன்றின் பலனா என்பதை யார் பிரித்துச் சொல்ல முடியும்? ஜூடோவில் தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

அன்றும், வழக்கம்போல, 48 கிலோ அதே நாள். தமுரா இப்போது தானி. பேஸ்பால் வீரர் ஒருவரைக் கல்யாணம் செய்திருந்தார். அவருக்கும் தங்கம். அவர் வருடங்களை விட்டுக்கொடுக்காத ரகம். 1993-லிருந்து 2003 வரை ஆறு உலகப் பட்டம், குழந்தை பிறந்த பிறகு 2007-ல் ஏழாவது. பெய்ஜிங்கில் வெண்கலம். ஐந்து ஒலிம்பிக், ஐந்து பதக்கம். நொமுராவிடம் உலகப் பட்டம் ஒன்றே ஒன்று, 1997 பாரிஸ். இரண்டு பேரையும் தராசில் வைத்து எது பெரிது என்று கேட்பது டீக்கடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும்.

*

ஏதென்ஸோடு அவர் முடித்திருந்தால் கதை கச்சிதமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு பதினொரு வருடம் ஆடினார்.

2007-ல் வலது முழங்கால் தசைநார் அறுந்தது. அறுவை செய்யாமலே 2008 தேசியத் தேர்வுப் போட்டியில் இறங்கித் தோற்றார், பெய்ஜிங் போனது. பிறகு அறுவை, மறுபடி பயிற்சி, மறுபடி காயம். லண்டனும் இல்லை. பதக்கப் பட்டியலில் இந்தப் பதினொரு வருடத்துக்கு ஒரு வரி கிடையாது. அவருக்குச் சம்பளம் கொடுத்தது மிகிஹவுஸ் என்ற குழந்தை உடை நிறுவனம்; ஜப்பானில் விளையாட்டு வீரர்களைக் கம்பெனிகள் ஊழியராக வைத்துக்கொள்வது வழக்கம், நம்மூரில் ரயில்வேயும் மின்வாரியமும் வைத்துக்கொண்ட மாதிரி.

2001-ன் இடைவெளியை விட எனக்கு இது புரிந்துகொள்ளக் கடினம். அப்போது அவர் வெல்லக்கூடியவர், வராமல் இருந்தார். இப்போது வெல்ல முடியாது, வந்துகொண்டே இருந்தார். பிடிவாதம் என்று சிலர் சொன்னார்கள், இளையவர்களுக்கு வழி விட வேண்டாமா என்று சிலர். அவர் யார் வழியையும் மறிக்கவில்லை, மற்றவர்கள் நிற்கிற அதே வரிசையில் நின்று தோற்றார்.

2015 ஆகஸ்ட் 29, அமாகசாகி நகரம், கம்பெனி ஊழியர்களுக்கான தனிநபர் போட்டி. வயது 40. முதல் இரண்டு சுற்றையும் இப்போனில், ஆளை முதுகில் விழவைத்து ஆட்டத்தை அங்கேயே முடிக்கிற முழுப் புள்ளியில், வென்றார். மூன்றாவது சுற்றில் எதிராளி ஒரு இளைஞர். அவர் நொமுராவின் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு இடுப்பில் வாங்கி எறிந்தார். அதுவும் இப்போன்தான்.